குழல் வாயில் கறுப்பு டேப்

பெட்டியை மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டினேன். பித்தளை முனைகள் நாலாபக்கமும் உருண்டன. அள்ளி வரிசையாக நிறுத்தி எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். அப்போதும் ஆறுதான்.

ஏழு இருக்க வேண்டும்.

மண்டியிட்டு மேஜைக்கடியில் கையை விட்டுத் துழாவினேன். காலித் தோட்டா உறைகள், நசுங்கிய காபிக் கோப்பை, யாருடைய கையுறையோ ஒன்று. பித்தளை முனை மட்டும் இல்லை.

"என்ன கோரின், கம்மல் கழண்டு விழுந்துடுச்சா?" வரிசையில் முதலாவதாக நின்ற தாடிக்காரர் கேட்டார். அவர் கையில் முப்பது காலிபர் ரைஃபிள். அவருக்கு லேசர் வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். லேசர் தண்டின் நுனி மொட்டையாக இருந்தது.

அந்த லேசரைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கியில் ஸ்கோப் என்னும் குறிநோக்கியைப் புதிதாக மாட்டியவர்கள் முதலில் கிளப்பில் எங்கள் மேஜைக்கு வருவார்கள். துப்பாக்கிக் குழலின் அளவுக்கேற்ற பித்தளை முனையை லேசர் தண்டில் திருகி, குழல் வாய்க்குள் செருகுவேன். தூரத்துப் பலகையில் சிவப்புப் புள்ளி விழும். ஸ்கோப்பின் சிலுவைக் கோட்டை அந்தப் புள்ளிக்கு நகர்த்தினால் முதல் தோட்டா காகிதத்திலாவது போய் விழும். அவ்வளவுதான் அதன் வேலை. மிச்சத்தைச் சுட்டுச் சுட்டுத்தான் சரி செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் லேசரை வலதுபக்கம் திருகி உருவ வேண்டும். இடதுபக்கம் திருகினால் தண்டு மட்டும் கையோடு வரும். முனை உள்ளேயே தங்கிவிடும்.

கடைசியாக லேசர் வைத்தது யாருக்கு?



மெர்லுக்கு. என் அண்ணனுக்கு.

புது ஸ்கோப்போடு இரண்டு மணி வாக்கில் வந்தான். லேசர் வைத்துப் பார்த்து, ஸ்கோப்பின் திருகை மேலே பதினெட்டு கிளிக், இடதுபுறம் ஒன்பது கிளிக் நகர்த்தினேன். அவன் சுட உட்காரும் நேரத்தில் இலக்குப் பலகைகளுக்கு நடுவே ஒரு பெட்டை மான் ஆடி அசைந்து வந்து நின்றது. சனிக்கிழமை வேட்டை சீசன் தொடங்கும் வரை நம்மை யாரும் தொட மாட்டார்கள் என்று அதற்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். சிவப்புக் கொடி ஏற்றினோம். எல்லாரும் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டுக் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அது புல்லை மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது.

மெர்லுக்குப் பொறுமை போய்விட்டது. "லேசர்ல பாத்தாச்சுல்ல? மீதியைப் பூசணிக்காய்ல பாத்துக்கறேன். கேம்ப்புல எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க" என்றான். ஈரப்பனி தூற ஆரம்பித்திருந்தது. "கோரி, வாயில டேப் ஒட்டிக் குடு. தண்ணி உள்ள போயிடும்."

கறுப்பு டேப்பைக் கிழித்து, குழல் வாயில் குறுக்காக ஒட்டிக் கொடுத்தேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வோம். தோட்டா டேப்பைக் கிழித்துக்கொண்டு போய்விடும், ஒன்றும் ஆகாது.

டேப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே விரல்கணு நீளத்துக்குப் பித்தளை அடைத்துக்கொண்டிருந்தால் தோட்டா எங்கே போகும்? குழல் உரித்த வாழைப்பழத் தோலாக விரியும். அல்லது வெடிப்பு முழுவதும் பின்பக்கமாக, விசை இழுத்தவன் முகத்துக்கே திரும்பும்.

மணியைப் பார்த்தேன். மூன்று பத்து.

"வெண்டல்! மேஜையைப் பாத்துக்கங்க. நான் போறேன்."

வெண்டல் புட்லவ்ஸ்கி காகித ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். பக்கத்து மேஜையில் என்னோடு ஒன்பது வருஷமாக உட்காருகிறார். லேசரையும் ஆறு முனைகளையும் என் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மேஜையைத் தாடிக்காரர் பாத்துக்குவார். இந்த அவசரத்துல நீ தனியா வண்டி ஓட்டினா ரெண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும். யாரோட துப்பாக்கி?"

"மெர்ல்."

"அட கடவுளே" என்றார் வெண்டல். "அவனா? மறுபடியுமா?"

*

என் பிக்-அப் பனிச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறியது. காட்டுக்குள் எங்கள் வேட்டைக் கேம்ப் போய்ச் சேரச் சாதாரணமாக ஐம்பது நிமிஷம் ஆகும். சரியாக நாலு மணிக்குப் பூசணிக்காய் ஆரம்பித்துவிடும்.

அந்த வழக்கம் எங்கள் அப்பா காலத்துக்கும் முந்தியது. ஹாலோவீன் பண்டிகை முடிந்து வீணாய்ப் போகும் பூசணிக்காய்களைக் கேம்ப்பை ஒட்டிய ஜல்லிக்குழியின் மேட்டடியில் வரிசையாக வைப்பார்கள். ஆளுக்கு ஒரு காய், ஆளுக்கு ஒரு தோட்டா. தவறவிட்டவன் ஒன்பது நாள் சீசனும் பாத்திரம் கழுவ வேண்டும். இது வியாழக்கிழமையே நடந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை காட்டில் துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரக்கூடாது, சட்டம். சனிக்கிழமை விடிந்தால் சீசன்.

இன்று வியாழன்.

"ஃபோனைப் போடுங்க வெண்டல். மெர்ல் நம்பர்."

ஒலிபெருக்கியில் அண்ணன் குரல் வந்தது. "மெர்ல் ஸ்கார் பேசறேன். நான் காட்டுல இருக்கேன். மானா இருந்தா நேர்ல வா. மனுஷனா இருந்தா ஒன்பது நாள் கழிச்சுக் கூப்பிடு." பிறகு பீப்.

"கேம்ப்புல சிக்னல் கிடையாது" என்றேன். "ஷெரிஃப் ஆபீஸுக்குப் போடுங்க."

அங்கே ஒரு பெண் எடுத்தாள்.

"துப்பாக்கி வெடிச்சிருச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப யாருக்கும் அடிபடலை?"

"அடிபடறதுக்கு முன்னாடிதான் கூப்பிடறேன்!"

"'M' ரோட்டுல மரக்கட்டை லாரி கவிழ்ந்து கெடக்குதுங்க. நம்ம ஆளுங்க ரெண்டு பேரும் அங்கதான் நிக்கறாங்க. சொல்லிப் பாக்கறேன். அரை மணி, முக்கால் மணி ஆகும். உங்க பேர் சொல்லுங்க?"

"கோரின் ஸ்கார்."

"முனையைக் குழல்ல விட்டது யாருங்க?"

வெண்டல் என்னைப் பார்த்தார். "நான்தான்" என்றேன். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. இனி நான் கிளப்பில் மேஜைக்குப் பின்னால் உட்கார முடியாது. அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. 'M' ரோடு என்று அவள் சொன்னதுதான் உறைத்தது.

கேம்ப்புக்கு இருந்தது அந்த ஒரே ரோடு.

"மெர்ல் எப்பவும் குழலைப் பாத்துட்டுத்தானே சுடுவான்?" என்றார் வெண்டல். "கிளப்புல பாத்திருக்கேனே. டார்ச் அடிச்சுப் பாப்பான். ஊதிப் பாப்பான். ரெண்டு தடவை கம்பி விட்டுப் பாப்பான். அவனுக்குப் பின்னாடி வரிசையில நிக்கறவன் பேரன் எடுத்துடுவான்."

"டேப்பைப் பிரிச்சாத்தானே பாக்க முடியும்?"

"பிரிப்பான்."

"வேற யாராவது ஒட்டியிருந்தா பிரிப்பான்."

கண்ணாடியில் விழுந்த பனியை வைப்பர் தள்ளிக்கொண்டே இருந்தது. தள்ளத் தள்ள விழுந்தது.

எங்கள் ஊரில் மெர்லின் அந்தக் கதை தெரியாதவர் கிடையாது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், சீசனின் முதல் காலை. அப்பா முதல் மானைப் பார்த்து முதல் தோட்டாவைச் சுட்டார். துப்பாக்கி அவர் முகத்திலேயே வெடித்தது. வலது கண் போய்விட்டது. குழலுக்குள்ளிருந்து கருகிய துணியும், சுத்தம் செய்யும் கம்பியின் பித்தளை நுனியும் துண்டு துண்டாகக் கிடைத்தன. கேம்ப்பில் எல்லாருடைய துப்பாக்கியையும் துடைத்து வைப்பது மெர்லின் வேலை. வனக் காவலர் அவனுடைய சுத்தம் செய்யும் பெட்டியைத் திறந்தார். கம்பியின் நுனியைக் காணோம். அதற்குமேல் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மெர்லே சொல்லிவிட்டான்: "நான்தான் விட்டிருக்கணும். எனக்கு ஞாபகமில்ல. ஆனா நான்தான் விட்டிருக்கணும்."

அன்றிலிருந்து, குழலில் கிடந்த அந்தத் துணியை வைத்து, அவனுக்குப் பேர் 'கந்தல்'. முதலில் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். பிறகு அவனே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தான். அப்பா நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்தார். கடைசிவரை மகனைத் திட்டவில்லை. மகன் எதிரில் வந்தால் முகத்தை வலதுபக்கம் திருப்பிக்கொள்வார், ஒற்றைக் கண்ணால் பார்ப்பதற்காக. அதுவே அவனுக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

"முன்னாடி பாரு!" வெண்டல் கத்தினார்.

பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது. எதிரே சிவப்பு விளக்குகள். அதற்கப்பால் ரோட்டின் குறுக்கே ஒரு காடே படுத்திருந்த மாதிரி மரக்கட்டைகள்.

மூன்று நாற்பத்தி ஒன்று.

*

"பின்னால எடு" என்றார் வெண்டல். "அரை மைல் பின்னால, வலதுபக்கம். தீத்தடுப்புப் பாதை ஒண்ணு இருக்கு. நாங்க காட்டுக்கோழிக்குப் போவோம். நேரா உங்க ஜல்லிக்குழிக்குப் பின்பக்கம் கொண்டுபோய் விடும்."

"வண்டி போகுமா?"

"போன அக்டோபர்ல போச்சு."

"இது நவம்பர், வெண்டல்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? எடு!"

பாதை என்று சொல்வதற்கு அங்கே இருந்தது இரண்டு தடமும் நடுவில் புல்லும்தான். கிளைகள் கண்ணாடியை அடித்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் வெண்டலின் தலை கூரையில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அவர் போலிஷ் மொழியில் ஏதோ ஒரு புனிதரைக் கூப்பிட்டார்.

நான் கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வலதுபக்கமா திருகினேன், இடதுபக்கமா? கையை ஸ்டியரிங்கில் வைத்தபடியே திருகிப் பார்த்தேன். வலது. இல்லை, இடது. அந்தச் சமயம் மெர்ல் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன சொன்னான்? "என் துப்பாக்கியைத் தைரியமாத் தொடற ஒரே ஆள் நீதான்" என்றான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திருகினேன்.

"தண்ணி!" என்றார் வெண்டல்.

பீவர் விலங்குகள் ஓடையில் கட்டிய அணை உடைந்து பாதை முழுக்கத் தண்ணீர் நின்றது. நிறுத்தினால் நின்றுவிடுவோம். மிதித்தேன். வண்டியின் மூக்கு உள்ளே போனது, எழுந்தது, பின் சக்கரங்கள் உறுமின. பிறகு உறுமல் மட்டும்தான் மிச்சம். வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது.

மூன்று ஐம்பத்தெட்டு.

"இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"அரை மைல். கொஞ்சம் கூடவே இருக்கும்." வெண்டல் தன் முழங்காலைப் பார்த்தார். "நான் வந்தா உன்னை இழுத்துப் பிடிச்ச மாதிரிதான். நீ ஓடு. நான் ஹார்ன் அடிக்கறேன்."

கிளப்பில் நீண்ட ஹார்ன் அடித்தால் சுடுவதை நிறுத்து என்று அர்த்தம். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் எங்கள் கிளப் ஆட்கள்தான். அவர் ஹார்னில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். அது காட்டுக்குள் நீளமாக அலறியது.

இறங்கினேன். தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. பூட்ஸுக்குள் நிரம்பியது. மறுகரையில் ஏறி நின்ற நிமிஷத்தில்தான் கேட்டது.

டும்.

மேற்கே இருந்து, ஈரக் காற்றில் அமுங்கி. முதல் துப்பாக்கி.

கேம்ப்பில் ஐந்து பேர். மெர்ல் எப்போதும் கடைசி. அது மரியாதைக்காக இல்லை. அவன் சுடும்போது மற்ற நாலு பேரும் விறகு அடுக்குக்குப் பின்னால் ஓடிப்போய் ஒளிந்துகொள்வார்கள். வருஷாவருஷம் அதே விளையாட்டு, வருஷாவருஷம் அதே சிரிப்பு. எங்கள் பெரியப்பா மகன் ரோலி தலையில் வாணலியைக் கவிழ்த்துக்கொள்வான்.

ஓடினேன். ஈர இலைகள்மேல் பனி. இரண்டு தடவை விழுந்தேன். பின்னால் ஹார்ன் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அது அவர்களுக்குக் கேட்கிறது என்றால் ஏன் நிறுத்தவில்லை?

டும். இரண்டு.

கேட்காது. எல்லாரும் காதுக் கவசம் போட்டிருப்பார்கள். கேட்டாலும் எவனோ வண்டி அலாரத்தை மறந்துவிட்டான் என்று நினைப்பார்கள். மூச்சு நெஞ்சில் கத்தியாகக் குத்தியது. எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். கடைசியாக எப்போது ஓடினேன் என்றே நினைவில்லை.

டும். மூன்று.

மரங்களுக்கிடையே வெளிச்சம் தெரிந்தது. ஜல்லிக்குழியின் மேடு. அதன் பின்சரிவில் கையையும் காலையும் ஊன்றி ஏறினேன். கற்கள் உருண்டு உருண்டு என்னைக் கீழே தள்ளின. உச்சியில் தலையை நீட்டப்போனேன்.

டும்.

இந்தத் தடவை சத்தம் என் காலுக்கடியில், மேட்டுக்குள்ளேயே வந்து முட்டியது. நாலு.

பிடி நழுவிப் பாதி மேடு சறுக்கினேன். மறுபடி ஏறித் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கீழே, மேட்டின் அடியில், மூன்று பூசணிக்காய்கள் ஆரஞ்சுக் கூழாகச் சிதறிக் கிடந்தன. நாலாவது மேலே ஒரு கீறலோடு தப்பித்திருந்தது. ஐந்தாவது அசையாமல் உட்கார்ந்திருந்தது. எதிரே நூறு கஜத்துக்கு அப்பால் மேஜை. விறகு அடுக்குக்குப் பின்னால் நாலு ஆரஞ்சுத் தொப்பிகள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின்மேல் வாணலி.

மேஜையில் மெர்ல் தனியாக உட்கார்ந்திருந்தான். மணல் மூட்டைமேல் துப்பாக்கி. கன்னம் ஏற்கனவே கட்டையில் சாய்ந்திருந்தது.

"மெர்ல்! மெர்ல்!"

அசையவில்லை. காதில் கவசம். கையை ஆட்டினேன். சுடப் போகிறவனுக்கு ஸ்கோப்பில் தெரியும் அந்தச் சின்ன வட்டத்துக்கு வெளியே உலகமே கிடையாது. அவன் தோள் மெல்லத் தாழ்ந்தது. மூச்சை விட்டு நிறுத்துகிறான். அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி. எனக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்.

அவன் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்துக்குப் போனால் பார்ப்பான்.

மேட்டிலிருந்து குதித்தேன். குதித்தேன் என்று சொல்வது பெருமைக்கு. ஜல்லியோடு ஜல்லியாகச் சரிந்து உருண்டு, பூசணிக்காய்க்குப் பக்கத்தில் போய் விழுந்து, எழுந்து, அதற்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

துப்பாக்கிக்கு முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரத்தில் குழல் தெரியவில்லை. ஸ்கோப்பின் கண்ணாடி மட்டும் ஒரு தடவை மின்னியது.

பிறகு துப்பாக்கி மேஜையில் சாய்ந்தது. நாற்காலி பின்னால் விழுந்தது.

*

"பைத்தியமாடி உனக்கு!" மெர்ல் நூறு கஜத்தையும் ஓடியே வந்தான். கவசம் கழுத்தில் தொங்கியது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. என் தோளைப் பிடித்து உலுக்கினான். "விசையில விரல் இருந்துச்சு! பூசணிக்காயைப் பாத்துக்கிட்டு இருக்கேன், திடீர்னு உன் மூஞ்சி! பாதி அழுத்திட்டேன் கோரி! பாதி!"

"டேப்பைப் பிரி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"என்ன?"

"டேப்பை. பிரி. குழலைப் பாரு."

மேஜைக்குத் திரும்பி நடந்தோம். மற்ற நாலு பேரும் விறகுக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டார்கள். ரோலி வாணலியை இன்னும் தலையிலேயே வைத்திருந்தான்.

"என்ன கோரின், பூசணிக்காய் சங்கத் தலைவியாயிட்டியா? ஒரு காயைக் காப்பாத்திட்டே, வாழ்த்துகள்!"

மெர்ல் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தான். தோட்டா துள்ளி வெளியே விழுந்தது. பேனாக்கத்தியால் டேப்பைக் கீறி உரித்தான். குழலைக் கவிழ்த்துத் தட்டினான். ஒன்றும் விழவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். டார்ச்சை அணைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், தன் பெட்டியிலிருந்து நீளக் கம்பியை எடுத்தான். பின்பக்கமாகச் செருகினான். கம்பி வழுவழுவென்று போய், வாய்க்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

அழுத்தினான். நகரவில்லை. உள்ளங்கையால் ஒரு அடி அடித்தான்.

டக்கென்று பித்தளை முனை மேஜைமேல் விழுந்து, உருண்டு, மணல் மூட்டையில் முட்டி நின்றது.

ரோலி வாணலியைக் கழற்றினான். தூரத்தில் வெண்டலின் ஹார்ன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சும்மா இருக்க முடியாதவன் ரோலிதான். "டேய் கந்தல்" என்றான். சிரிக்க முயன்றான். "ஒரு குடும்பத்துல எத்தனை கண்ணுடா வேணும் உனக்கு? அவ்வளவு பட்டும் குழலைப் பாக்காம உக்காந்திருக்கே?"

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அவன் விடலை" என்றேன். "கிளப்புல லேசர் வெச்சது நான். முனையை உள்ளே விட்டதும் நான். மேல டேப் ஒட்டினதும் நான்."

"விடு கோரி" என்றான் மெர்ல்.

"ஷெரிஃப் ஆபீஸுக்கும் சொல்லிட்டேன். என் பேரையே குடுத்துட்டேன்."

"எதுக்குடி குடுத்தே? உன்னை மேஜையில உக்கார விடமாட்டாங்களே." அவன் பித்தளை முனையை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தான். "பதினொரு வருஷமா குழலைப் பாக்காம ஒரு தோட்டா சுட்டதில்ல நான். இன்னிக்கும் கத்தியை எடுத்தேன், டேப்பைக் கீறிப் பாத்துடலாம்னு. அப்புறம், ஒட்டினது கோரியாச்சேன்னு கத்தியை மூடி வெச்சுட்டேன். பாக்காதது என் தப்பு. உன் தப்பு இல்ல."

"என் தப்புதான்."

"அழாதே. கை தவறறது யாருக்கும் வரும். உனக்கு இன்னிக்கு வந்துச்சு, ஒண்ணும் ஆகல. எனக்கு அன்னிக்கு வந்துச்சு, அப்பாவுக்குக் கண்ணு போச்சு. அதைப் பாத்தா இதெல்லாம் ஒரு விஷயமா?" என் முகத்தில் ஒட்டியிருந்த ஜல்லித் தூளைத் தன் கட்டை விரலால் துடைத்துவிட்டான். "வா, உள்ள வா. பூட்ஸைக் கழட்டு. சூப் சூடா இருக்கு."

அவன் திரும்பி நடந்தான். எல்லாரும் அவன் பின்னால் நகர்ந்தார்கள். ரோலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டான். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். பதினொரு வருஷமாக முடிந்தே கிடந்த மாதிரி முடிந்திருக்கும்.

"அண்ணே" என்றேன்.

நின்றான்.

"அந்த வருஷம் வியாழக்கிழமை பூசணிக்காய் சுட்டு முடிஞ்சதும் நீ எல்லார் துப்பாக்கியையும் துடைச்சு வெச்சுட்டு, மத்தவங்களையும் கூட்டிக்கிட்டுப் பனிக்கட்டி வாங்க டவுனுக்குப் போனே. ஞாபகமிருக்கா?"

"அதுக்கென்ன இப்ப?"

"அப்பா தூங்கிட்டு இருந்தார். அவர் ஸ்கோப்பைச் சரி பண்ணி வெச்சதுக்கு அப்புறம் அந்தத் துப்பாக்கியை உன்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டார் இல்லையா? தொட்டாலே ஸ்கோப் நகர்ந்துடும்னுவார். நான் எடுத்துக்கிட்டு இங்கே, இதே குழிக்கு வந்தேன். நாலு ரவுண்டு சுட்டேன். சுட்டது தெரியக்கூடாதுன்னு உன் பெட்டியைத் திறந்து, உன் கம்பியை எடுத்து, அவசர அவசரமாத் துடைச்சேன். நீ திரும்பி வர்ற வண்டிச் சத்தம் கேட்டுச்சு. கம்பியை இழுத்தேன். நுனி வந்துச்சா இல்லையான்னு பாக்கல."

மெர்ல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த பித்தளை முனை மட்டும் உருளுவதை நிறுத்தியது.

"அப்பா துப்பாக்கியைக் கடைசியாத் துடைச்சது நீ இல்லண்ணே. நான்."